டெங்குவில் பிளேட்லெட் எண்ணிக்கை, பாம்புக்கடியில் 20 நிமிட சோதனை: உடலில் ரத்தம் எப்படி நிற்கிறது?

வடகிழக்குப் பருவமழை பிடித்து இரண்டு வாரம் ஆனால் போதும், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடும்: "பிளேட்லெட் எவ்ளோ இருக்கு?"

"நேத்து எண்பதாயிரம். இன்னைக்கு நாப்பத்தஞ்சாயிரத்துக்கு இறங்கிடுச்சு" என்று பதில் வந்தவுடன் பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் குடிநீர், கிவி பழம் என யோசனைகள் குவியும். இன்னொருவர் "பிளேட்லெட் டோனர் அவசரம்" என்று ஸ்டேட்டஸ் வைத்துவிடுவார்.

அதே மழை நாட்களில் முடிச்சூர், வரதராஜபுரம், மாடம்பாக்கம், நன்மங்கலம் என்று ஏரியையும் ஆற்றையும் காப்புக்காட்டையும் ஒட்டிய பகுதிகளில் வேறொரு பயம் உண்டு. வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் பாம்புகள் மேடு தேடி வீட்டு வாசலுக்கு வரும். கண்ணாடி விரியன் கடித்து ஒருவரை அரசு மருத்துவமனைக்குத் தூக்கி வந்தால், அங்கே முதல் கேள்வி பிளேட்லெட் எண்ணிக்கை அல்ல. அவருடைய ரத்தத்தில் 2 மில்லி எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சரியாக 20 நிமிடம்.

இரண்டு நோயாளிகளுக்கும் ரத்தக்கசிவு ஆபத்து இருக்கிறது. பிறகு ஏன் ஒருவருக்கு எண்ணிக்கை, இன்னொருவருக்குக் கண்ணாடிக் குழாய்? நம் உடல் ரத்தத்தை நிறுத்தும் வேலையை இரண்டு கட்டமாகச் செய்கிறது என்பதில்தான் இதற்கான விடை இருக்கிறது. டெங்கு பெரும்பாலும் முதல் கட்டத்தில் கை வைக்கிறது. விரியன் விஷம் குறிவைப்பது இரண்டாவது கட்டத்தை.

முதலில் மணல் மூட்டை, பிறகு சவுக்குக் கட்டை

ஏரிக்கரை உடைந்தால் என்ன செய்வார்கள் என்று தென்சென்னைப் புறநகர்வாசிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இங்கே பலருக்கு அது மனப்பாடம். முதலில் மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். ஆனால் வெறும் மூட்டை எத்தனை நேரம் தாங்கும்? தண்ணீர் வேகம் கூடினால் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் சவுக்குக் கட்டைகளை நட்டு, குறுக்கே கட்டி, மூட்டைகளை அசையாமல் பிடித்து நிறுத்துவார்கள்.

காய்கறி நறுக்கும்போது விரலில் வெட்டுப்பட்டாலும் கிட்டத்தட்ட இதேதான் நடக்கிறது. வெட்டுப்பட்ட ரத்தக்குழாய் உடனே சுருங்கிக்கொள்ளும். அதனால் அந்த வழியாக வரும் ரத்தம் குறையும். குழாயின் உள்சுவர் கிழிந்த இடத்தில், அடியில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் வெளியே தெரியும். ஓடும் ரத்தத்தில் மிதந்துபோகும் பிளேட்லெட்டுகளுக்கு "இங்கே உடைப்பு" என்று காட்டும் அடையாளம் அதுதான். வான் வில்லிபிராண்ட் காரணி என்ற இன்னொரு புரதம் ஒரு பக்கம் கொலாஜனையும் மறுபக்கம் பிளேட்லெட்டையும் பிடித்து ஒட்டவைக்கும்.

ஒட்டிய பிளேட்லெட் சும்மா இருக்காது. தட்டு வடிவத்தில் இருந்தது, கை கால் முளைத்ததுபோல் நீட்சிகளை விட்டு உருவம் மாறும். தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் ரசாயனங்களை வெளியே கொட்டும். அது பக்கத்தில் போகும் பிளேட்லெட்டுகளுக்கு அழைப்பு. அவையும் வந்து ஒட்டும், அவையும் மற்றவற்றை அழைக்கும். சில நிமிடங்களில் ஓட்டை அடைபடும். இது மணல் மூட்டைக் கட்டம்.

பிளேட்லெட்டைத் தமிழில் தட்டணு என்று எழுதுவது வழக்கம். ஆனால் அது முழுமையான செல்கூட இல்லை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்லிலிருந்து உடைந்து விழும் துணுக்கு. உட்கரு கிடையாது. ஆயுள் 7 முதல் 10 நாள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். லேப் ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்கும் எண் இதுதான். நாள்தோறும் உடல் சுமார் 10,000 கோடி புதிய பிளேட்லெட்டுகளைத் தயாரிக்கிறது.

இனி சவுக்குக் கட்டைக் கட்டம். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் 'உறைதல் காரணிகள்' என்ற புரதங்கள் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். பெரும்பாலானவற்றைக் கல்லீரல் தயாரிக்கிறது. குழாய் கிழிந்தவுடன் ஒரு காரணி இன்னொன்றை எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும். ஒவ்வொரு படியிலும் வேலை பல மடங்கு பெருகும். இந்த வரிசை 10-ம் காரணியில் வந்து சேர்ந்ததும், அது த்ராம்பின் என்ற நொதியை உருவாக்கும். த்ராம்பின், கரைந்த நிலையில் இருக்கும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தை வெட்டி, ஃபைப்ரின் என்ற நார் இழைகளாக மாற்றும். அந்த இழைகள் பிளேட்லெட் மூட்டைகளின் மேல் வலைபோல் படர்ந்து இறுக்கிவிடும். சிவப்பணுக்களும் அதில் சிக்கிக்கொள்ளும். காயத்தின்மேல் நாம் பார்க்கும் சிவப்புக் கட்டி இதுதான்.

தமிழில் பாலும் 'உறைகிறது', ரத்தமும் 'உறைகிறது'. ஒரே சொல் பொருத்தமாகத்தான் இருக்கிறது. துளி மோரை உறை ஊற்றினால் பானைப் பால் முழுவதும் தயிராகும். ரத்தத்திலும் சிறு தூண்டல் போதும். ஒரு வித்தியாசம், தயிர்ப்பானையில் நிறுத்தும் ஏற்பாடு எதுவும் இல்லை. உடலில் இருக்கிறது. உறைதல் காயத்தைத் தாண்டிப் பரவாமல் தடுக்கத் தனிப் புரதங்கள் உண்டு. காயம் ஆறியபின் ஃபைப்ரின் வலையைக் கரைத்து எடுக்கப் பிளாஸ்மின் என்ற நொதியும் உண்டு.

இதய நோயாளிகள் சாப்பிடும் 'ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை'யும் ரத்தத்தில் தண்ணீர் கலப்பதில்லை. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் மணல் மூட்டைகள் ஒன்றையொன்று அழைப்பதைக் கெடுக்கின்றன. பிளேட்லெட்டுக்கு உட்கரு இல்லாததால் ஆஸ்பிரின் பட்ட பிளேட்லெட் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாது, ஆயுள் முடியும்வரை அப்படியேதான். வார்ஃபரின் கை வைப்பது சவுக்குக் கட்டைத் தயாரிப்பில்.

டெங்கு: உடைப்பைவிடக் கசிவுதான் பெரிய வில்லன்

டெங்கு வைரஸ் எலும்பு மஜ்ஜையில் பிளேட்லெட் உற்பத்தியைக் குறைக்கிறது. வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பாற்றலே பிளேட்லெட்டுகளையும் சேர்த்து அழித்துவிடுகிறது. இரண்டும் சேர, காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் எண்ணிக்கை சரியும். ஒரு லட்சத்துக்குக் கீழே போவது டெங்குவில் சாதாரணம்.

அப்படியானால் எண்ணிக்கை குறைந்தவுடன் ரத்தம் கொட்டுமா? இல்லை. உடல் தேவைக்கு மேல் பல மடங்கு பிளேட்லெட்டை வைத்திருக்கிறது. 50,000 இருந்தாலும் அன்றாட வாழ்க்கையில் தானாக ரத்தம் கசிவது அரிது. 20,000-க்குக் கீழே போன பலரும் ஒரு துளி ரத்தக்கசிவு இல்லாமல் குணமாகிறார்கள். ஆபத்துக் கட்டம் தாண்டியதும் எண்ணிக்கை தானாகவே ஏறத் தொடங்கும். "பப்பாளி இலை குடிச்சதும் ஏறிடுச்சு" என்று நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. குடித்த நாளும், தானாக ஏறும் நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடும். பப்பாளி இலைச் சாறு எண்ணிக்கையைச் சற்று வேகமாக ஏற்றலாம் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அதனால் ரத்தக்கசிவோ உயிரிழப்போ குறைகிறது என்பது நிரூபிக்கப்படவில்லை.

தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலே இப்பகுதி மக்களுக்கு நிலவேம்புக் குடிநீர்தான் நினைவுக்கு வரும். டெங்கு பரவிய ஆண்டுகளில் அரசே மக்களுக்கு இதை வழங்கியிருக்கிறது. குடிப்பவர்கள் குடிக்கலாம். ஆனால் அதைக் குடித்துவிட்டு, அபாய அறிகுறி இருக்கும்போதும் வீட்டிலேயே காத்திருப்பதுதான் பிரச்சினை.

ஏனென்றால் டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவு அல்ல. ரத்தக்குழாய்ச் சுவர் தளர்ந்து, பிளாஸ்மா வெளியே கசிவதுதான். கரை எங்கும் உடையவில்லை, ஆனால் நெடுக ஊறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மணல் மூட்டை எதற்கு? ரத்தக்குழாய்க்குள் நீர் குறையும், ரத்தம் கெட்டியாகும், ரத்த அழுத்தம் விழும். வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் நீர் சேரும். உரிய நேரத்தில் கவனிக்காவிட்டால் அதிர்ச்சி நிலை.

இதைக் காட்டும் எண் அதே ரிப்போர்ட்டில் வேறு வரியில் இருக்கிறது. பி.சி.வி. அல்லது ஹீமாடோக்ரிட் என்று அச்சிட்டிருப்பார்கள். மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. நீர் கசிந்து போகப்போக இந்தச் சதவீதம் ஏறும். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே, பி.சி.வி. ஏறிக்கொண்டே இருந்தால் மருத்துவர்கள் உஷாராகிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் யாரும் "பி.சி.வி. எவ்ளோ?" என்று கேட்பதில்லை என்பதுதான் சோகம்.

இன்னொரு பொறியும் உண்டு. கசிவு தீவிரமாவது காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, காய்ச்சல் விடும்போது. "ஜுரம் விட்டுடுச்சு, நாளைக்கு ஸ்கூலுக்குப் போகலாம்" என்று வீடு நிம்மதியடையும் அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தானது. கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், அளவுக்கு மீறிய சோர்வு அல்லது தவிப்பு, சிறுநீர் குறைவது, கை கால் சில்லிடுவது: இதில் எது தெரிந்தாலும் பிளேட்லெட் எத்தனை என்று பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே முக்கிய சிகிச்சை, அளந்து ஏற்றும் திரவம்.

உடம்புவலிக்குப் பாராசிட்டமால் தவிர வேறு மாத்திரை வேண்டாம் என்று சொல்வதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். மூட்டைகள் ஏற்கெனவே குறைவு. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை இருக்கும் மூட்டைகளையும் வேலை செய்யவிடாது. இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாகவே நிறுத்தவும் கூடாது, அதை மருத்துவரிடம் சொல்லாமல் இருக்கவும் கூடாது.

20,000 என்றால் உடனே பிளேட்லெட் ஏற்ற வேண்டுமா?

2017-ல் தமிழ்நாட்டில் 23,000-க்கும் அதிகமானோர் டெங்குவால் பாதிக்கப்பட்டனர், 65 பேர் இறந்தனர் என்கிறது அரசுக் கணக்கு. டெங்கு இப்படிப் பரவும் சமயங்களில் பிளேட்லெட் தேடி ஓடும் உறவினர்களின் பதற்றமும் கூடும். அந்தப் பதற்றத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, கண்முன்னால் எண் சரிந்துகொண்டே போகிறதே!

ஆனால் அதே 2017-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு முக்கியமான ஆய்வு வெளியானது. சிங்கப்பூர், மலேசியா மருத்துவமனைகளில், பிளேட்லெட் 20,000 அல்லது அதற்குக் கீழே இருந்த 372 டெங்கு நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றினார்கள். ரத்தக்கசிவைத் தடுப்பதில் அதனால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. பக்கவிளைவுகள் ஏற்றியவர்களிடம்தான் அதிகம். இந்தியாவின் தேசிய டெங்கு சிகிச்சை வழிகாட்டுதலும், ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்கு 10,000-க்குக் கீழே போனால்தான் முன்னெச்சரிக்கையாக ஏற்றச் சொல்கிறது. ரத்தம் கசிந்தால் கதை வேறு, அப்போது எண் எதுவானாலும் முடிவு மருத்துவர் கையில்.

பிளேட்லெட்டைச் சேமித்து வைப்பதும் சுலபமில்லை. ரத்தத்தைப்போல் ஃபிரிட்ஜில் வைக்க முடியாது. 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவியில் வைக்க வேண்டும். பொதுவாக 5 நாளில் காலாவதி. தேவையில்லாதவருக்கு ஏற்றிய ஒரு பை, அன்று இரவு புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் வேறொருவருக்கு இல்லாமல் போகலாம்.

இன்னொன்று. எண்ணும் இயந்திரமும் ஏமாறும். சிலருடைய பிளேட்லெட்டுகள் சோதனைக் குழாயில் இருக்கும் ரசாயனத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அந்தக் கொத்தை எண்ணத் தவறிவிட, எண்ணிக்கை பாதாளத்துக்குப் போகும். உடம்பில் ஒரு குறையும் இருக்காது. சந்தேகம் வந்தால் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

கண்ணாடி விரியன்: உறையவைத்தே ரத்தத்தை ஒழுகவைக்கும் விஷம்

இப்போது அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு வருவோம். கண்ணாடி விரியன் விஷத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அது ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் விஷம் அல்ல. உறையவைக்கும் விஷம்! அதன் நொதிகள் 10-ம் காரணியையும் 5-ம் காரணியையும் நேரடியாகத் தட்டி எழுப்புகின்றன. வெட்டுக்காயம் எதுவும் இல்லாமலேயே, உடல் முழுக்க ஓடும் ரத்தத்தில் த்ராம்பின் உருவாகிறது.

பிறகு ஏன் கடிபட்டவருக்கு ரத்தம் நிற்காமல் போகிறது? கரையில் உடைப்பே இல்லாத ஊரில், யாரோ பொய்த் தகவல் கொடுத்து எல்லா இடத்திலும் சவுக்குக் கட்டைகளை நடவைத்துவிட்டால், கிடங்கு காலியாகிவிடும் இல்லையா? அதுதான் நடக்கிறது. ஃபைப்ரினோஜென் முழுவதும் வீணாகச் செலவழிகிறது. உருவாகும் இழைகளை உடல் கரைத்துக்கொண்டே இருக்கிறது. அதன்பின் ஈறிலோ, ஊசி குத்திய இடத்திலோ, மூளைக்குள்ளோ சிறு கசிவு ஏற்பட்டாலும் அதன்மேல் விரிக்க வலை இல்லை. போதாததற்கு, விஷத்தில் இருக்கும் வேறு நொதிகள் ரத்தக்குழாய்ச் சுவரையே அரிக்கும். சுருட்டை விரியன் விஷமும் வேறொரு படியில் புகுந்து இதே முடிவைத்தான் உண்டாக்குகிறது.

இந்த விஷத்தின் உறையவைக்கும் சக்தியை மருந்தாகவே பயன்படுத்தியவர்கள் உண்டு. 1934-ல் லண்டனில் ராபர்ட் க்வின் மேக்ஃபார்லேன், மிருகக்காட்சி சாலையின் ஊர்வனப் பிரிவைச் சேர்ந்த பர்ஜஸ் பார்னெட்டுடன் சேர்ந்து, ரத்தம் உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபிலியாவில் இதைச் சோதித்தார். நீர்த்த கண்ணாடி விரியன் விஷத்தை வெளிக்காயத்தில் வைத்தால் ரத்தம் நின்றது. காரணிகள் ஒன்றையொன்று எழுப்பும் அருவி போன்ற வரிசையை 1964-ல் விளக்கியவர்களில் இதே மேக்ஃபார்லேனும் ஒருவர். நம் ஊர் வயல்வெளிப் பாம்புக்கும் அந்தப் பாடத்தில் பங்குண்டு!

20 நிமிட சோதனைக்கு இயந்திரமோ மின்சாரமோ தேவையில்லை. கண்ணாடி, ரத்தம் உறைவதைத் தானே தூண்டும். 20 நிமிடம் கழித்துக் குழாயை ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டியாக நின்றால் வலைக்கான சரக்கு கையிருப்பில் இருக்கிறது. தண்ணீராக வழிந்தால் கிடங்கு காலி, விஷமுறிவு மருந்து உடனே தேவை. பிளாஸ்டிக் குழாயில் செய்தாலோ, சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாயில் செய்தாலோ முடிவு தப்பாகிவிடும்.

கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் ஏன் கூடாது என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. உறையும் சக்தி போய்க்கொண்டிருக்கும் உடலில் புதிதாக ஒரு வெட்டுக்காயம் போட்டால் அதை யார் அடைப்பது? மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்ததுபோல் கை அல்லது காலை அசையாமல் வைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே சரி. பாம்பை அடித்துக் கையோடு எடுத்துப் போகத் தேவையில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

அந்த மருந்தின் மூலப்பொருள் கிடைப்பது தாம்பரத்திலிருந்து வெகு தூரத்தில் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரம் சட்டப்படி நின்றுபோனபோது வாழ்வாதாரம் இழந்த இருளர்கள், பாம்பைக் கொல்லாமல் விஷம் மட்டும் எடுக்கும் தொழிலுக்கு மாறினர். பிடித்த பாம்பைச் சில வாரம் பானையில் வைத்து, நான்கு முறை விஷம் எடுத்து, மீண்டும் பிடிபட்டால் தெரியும்படி வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு வெளியே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைச் சிறு சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்து மருந்து தயாரிக்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது.

மருந்து ஏற்றியவுடன் ரத்தம் உறையத் தொடங்கிவிடாது. விஷமுறிவு மருந்து விஷத்தைப் பிடித்து முடக்கும், அவ்வளவுதான். தீர்ந்துபோன காரணிகளைக் கல்லீரல் புதிதாகத் தயாரிக்க வேண்டும். அதற்குச் சுமார் 6 மணி நேரம் ஆகும். அதனால்தான், "மருந்து போட்டும் ஏன் டாக்டர் இன்னொரு டோஸ் போடலை?" என்று வெளியே உறவினர்கள் தவித்துக்கொண்டிருக்கும்போது, மருத்துவர்கள் 6 மணி நேரம் காத்திருந்து அதே கண்ணாடிக் குழாய்ச் சோதனையை மறுபடி செய்கிறார்கள். ரத்தம் வழிந்தால் இன்னொரு டோஸ், இன்னொரு 6 மணி நேரம். குழாயைச் சாய்த்தும் ரத்தம் அசையாமல் நின்றால் விஷமுறிவு மருந்தை நிறுத்திவிடுவார்கள். அதன்பிறகும் நோயாளியை உடனே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும் என்பதால், அடுத்த சில நாட்கள் சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளந்து குறித்துக்கொண்டே இருப்பார்கள்.